ஆடுகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்: கறுப்பின இசை, நடன நிகழ்ச்சி தொடங்கவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கறுப்பின மக்களின் இசைக்கும் ஆட்டத்துக்கும் புதிதாக ஒரு நிகழ்ச்சி தொடங்கத் திட்டமிடும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள், இணைய ஒளிபரப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள்.

வணக்கம்.

இசை நிகழ்ச்சிக்குத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக முதலில் எழுதுவது பாடகர் பட்டியல். அடுத்தது தொகுப்பாளர், அதற்கடுத்தது மேடை அலங்காரம். ஆடுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் 'பார்வையாளர்கள், துணை நடனக் கலைஞர்கள்' என்று ஒற்றை வரியில் வருவார்கள். அவர்களுக்கான தொகை சாப்பாட்டுச் செலவோடு சேர்ந்துபோகும். நீங்கள் தொடங்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு இந்த வரிசை உதவாது. இதில் ஆடுகிறவர்கள்தான் நிகழ்ச்சி, பாடகர் அன்றைய விருந்தாளி. தளம், ஒலி, கேமரா, ஒப்பந்தம், பணம், பதிவுகளின் பாதுகாப்பு எல்லாவற்றையும் ஆடுகிறவர்களை முன்வைத்தே திட்டமிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்களில் சிலர் தெரு நடனம் கற்பிப்பவர்கள். மற்றவர்கள் பல கேமராப் படப்பிடிப்பிலும் ஒலிப்பதிவிலும் இசை உரிமம் வாங்குவதிலும் வேலை செய்பவர்கள். தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் இன்று பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க் கற்கும் லாக்கிங், பாப்பிங், வேக்கிங் எல்லாம் கலிபோர்னியாவின் கறுப்பின இளைஞர்களும் அவர்களோடு ஆடியவர்களும் உருவாக்கிய ஆட்டங்கள். அவை உலகம் சுற்றியதில் 'சோல் ட்ரெயின்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியின் தளத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தளம் எப்படி நடந்தது, எங்கே தவறியது என்பது இங்குள்ளவர்களுக்கும் தெரிய வேண்டும்.

'சோல் ட்ரெயின்' எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னரே பாதை போட்டவர்கள் உண்டு. டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் 1955-ல் மிட்ச் தாமஸ் கறுப்பினப் பதின்பருவத்தினருக்காக நடன நிகழ்ச்சி தொடங்கினார். அதைப் பார்த்துக் கற்ற ஆட்டங்களைப் பக்கத்து ஃபிலடெல்பியாவில் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற நடன நிகழ்ச்சியின் தளத்தில் வெள்ளையின இளைஞர்கள் ஆடினார்கள். யாரிடம் கற்றது என்பது மட்டும் திரையில் சொல்லப்படவில்லை. மிட்ச் தாமஸின் நிகழ்ச்சி 1958-ல் நின்றது, அதை ஒளிபரப்பிய நிலையமும் அதே ஆண்டில் மூடப்பட்டது. வட கரோலினாவின் ராலே நகரில் ஜே.டி. லூயிஸ் 1958-ல் தொடங்கிய 'டீனேஜ் ஃப்ராலிக்ஸ்' எண்பதுகள் வரை ஓடியது. வாஷிங்டனில் 1963-ல் 'டீனராமா' வந்தது. அதே ஆண்டு பால்டிமோரில் 'படி டீன் ஷோ', கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்று தனி நாள் ஒதுக்கும் பழக்கத்தை எதிர்த்த போராட்டத்தைச் சந்தித்தது. எல்லோரும் சேர்ந்து ஆட நிலையம் இணங்கவில்லை, 1964 ஜனவரியில் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது. டெட்ராய்ட்டில் 1975 முதல் 1987 வரை 'த சீன்' ஓடியது. அதை ஒளிபரப்பிய டபிள்யூஜிபிஆர், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் தொலைக்காட்சி நிலையம்.

இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம், இவை ஏறக்குறைய எல்லாமே ஒரு நகரத்தின் நிகழ்ச்சிகள். நாடு முழுவதுக்குமான நிகழ்ச்சியாக யாரும் தொடங்கவில்லை. 'சோல் ட்ரெயினை' உருவாக்கிய டான் கார்னீலியஸ்கூடத் தொடங்கவில்லை. சிகாகோவில் பள்ளி பள்ளியாகப் பாடகர்களை அழைத்துச்சென்று நடன விழா நடத்தியவர் அவர். 'சோல் ட்ரெயின்' என்ற பெயரே அந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து வந்தது. 1970 ஆகஸ்ட் 17 அன்று டபிள்யூசிஐயு என்ற சிறு நிலையத்தில், பள்ளி விட்ட நேரத்தில், கறுப்பு-வெள்ளையில், ஒரு சின்ன அறையில் நிகழ்ச்சி தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நாள். அந்த நிலையம் யுஎச்எஃப் என்ற உயர் அதிர்வெண் வரிசையில், அலைவரிசை 26-ல் இருந்தது. 1964-க்குப் பின் தயாரான தொலைக்காட்சிப் பெட்டிகளில்தான் யுஎச்எஃப் பிடிக்கும் வசதி கட்டாயம் என்பதால் அத்தகைய நிலையங்களுக்குப் பார்வையாளர் குறைவு. பெரிய நிலையங்கள் ஒதுக்கிய மக்களுக்கு அங்கே நேரம் கிடைத்ததும் அதனால்தான். நாடு தழுவிய ஒளிபரப்பு 1971 அக்டோபர் 2-ல் வந்தபோது 25 நகரங்களை எதிர்பார்த்தார்கள், முதலில் சேர்ந்தவை 7. ஆனால் அதற்குள் சிகாகோவில் ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் நடத்திப் பழகிவிட்டிருந்தார்கள்.

உங்களுக்கு எங்கள் முதல் யோசனை இதுதான். ஒரே நகரம், ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி. டெட்ராய்ட்டில் ஆடும் 'ஜிட்', சிகாகோவின் 'ஃபுட்வொர்க்', மெம்பிஸின் 'ஜூக்கின்', நியூ ஆர்லியன்ஸின் 'பவுன்ஸ்' எல்லாம் தனித்தனி வேகமும் தனித்தனிக் கால்வேலையும் கொண்டவை. சிகாகோ ஃபுட்வொர்க் நிமிடத்துக்கு 160 பீட் அளவில் ஓடும். எல்லா ஊரையும் ஒரே தளத்தில் முதல் நாளே கலந்தால் நடன இயக்குநர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டிவரும். அந்த நொடியில் நீங்கள் தொடங்க நினைத்த நிகழ்ச்சி போய்விடும்.

ஆடுகிறவர்களை எங்கே தேடுவது? ஏஜென்சியில் அல்ல. லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது கார்னீலியஸின் குழு டென்கர் பூங்காவின் பொழுதுபோக்கு மையத்துக்குப் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. நீங்களும் ஸ்கேட்டிங் அரங்கு, தேவாலயக் கூடம், கல்லூரி வளாகம், ஞாயிற்றுக்கிழமை பூங்கா என்று போங்கள். தேர்வில் இரண்டு பாட்டுப் போடுங்கள்: ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, இன்னொன்று யாருக்கும் தெரியாதது. முதல் பாட்டில் பயிற்சி தெரியும். இரண்டாவதில் காது தெரியும். உங்களுக்குத் தேவை இரண்டாவது. 60 பேர் வேண்டுமென்றால் 75 பேரை அழையுங்கள், சிலர் வரமாட்டார்கள். அதில் 40 பேர் நிலையானவர்களாகவும் மீதிப்பேர் ஒவ்வொரு முறையும் புதியவர்களாகவும் இருக்கட்டும். முகம் பழகினால்தான் வீட்டில் இருப்பவர் அடுத்த வாரமும் தேடுவார். டமிட்டா ஜோ ஃப்ரீமன், டைரோன் ப்ராக்டர், ஷெரில் சாங், ஜோடி வாட்லி, ஜெஃப்ரி டேனியல் ஆகியோரை மக்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் காரணம், வாரா வாரம் அவர்கள் அங்கே இருந்தார்கள். எல்லோரும் புதியவர்களாகவே வந்தால் அது வெறும் கூட்டக் காட்சி.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்த்தால் கலிபோர்னியாவில் வேலை அனுமதிச் சீட்டு வேண்டும், பெரும்பாலும் தளத்தில் ஸ்டூடியோ ஆசிரியரும் வேண்டும். 16, 17 வயதினரை ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் தளத்தில் வைத்திருக்கக் கூடாது. ஒரே வார இறுதியில் நான்கு நிகழ்ச்சிகளை எடுப்பதுதான் உங்கள் திட்டமென்றால் அந்தக் கணக்கு இடிக்கும். தொடக்கத்தில் 18-க்கு மேற்பட்டவர்களோடு நடத்துங்கள்.

இனித் தளம். தவறினால் உடம்பில் காயமாக வரும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம். ஸ்டூடியோத் தரை கான்கிரீட். அதன்மேல் பளபளக்கும் வினைலை ஒட்டிவிட்டு 'நடனத் தளம்' என்று சொல்லிவிடுவார்கள். லாக்கிங்கில் முழங்காலில் விழுந்து எழுவது உண்டு, பாதி விரிந்து உட்கார்ந்து எழுவது உண்டு. கான்கிரீட்டில் அதை ஆறு மணி நேரம் செய்தால் முழங்காலும் கணுக்காலும் போய்விடும். அடியில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் மரச் சட்டங்கள், சட்டங்களுக்குக் கீழே 10 அல்லது 12 மில்லிமீட்டர் ரப்பர் திண்டுகள், மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. இரண்டாம் அடுக்கை முதலாவதற்குக் குறுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பதிக்க வேண்டும். இணைப்பு நேராக வந்தால் அந்தக் கோட்டில் தளம் அமுங்கும், குதித்து இறங்குபவர் கால் பிசகும். எல்லாவற்றுக்கும் மேல் வினைல். அது மிகவும் வழுக்கினால் ஜிட் ஆட முடியாது, மிகவும் பிடித்தால் சறுக்கல்கள் வராது. ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டு மீட்டர் துண்டைக் கொண்டுவந்து ஆடுகிறவர்கள் காலில் போட்டிருக்கும் சொந்தக் காலணியோடு ஆடிப் பார்க்கட்டும். ஓரங்களில் ஒட்டும் டேப் விளக்குச் சூட்டில் சுருளும், இடைவேளைதோறும் ஒருவர் தவழ்ந்து பார்த்து ஒட்ட வேண்டும்.

அளவு: ஒருவருக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். 60 பேருக்கு 135 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 12-க்கு 12 மீட்டர் தளம். பட்ஜெட்டில் இடம் குறைந்தால் ஆட்களைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். நெருக்கினால் எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு நின்ற இடத்தில் அசைவார்கள். படத்தில் கூட்டம் தெரியும், ஆட்டம் தெரியாது.

எல்லோரும் காத்திருப்பது அந்த வரிசைக்குத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, நடுவே ஜோடி ஜோடியாக ஆடிவரும் 'சோல் ட்ரெயின் லைன்'. விருந்து வீட்டு ஆட்டமான 'ஸ்ட்ரோல்' வரிசையிலிருந்து வளர்ந்தது அது. பக்கத்துக்கு 18 பேர் தோளோடு தோள் நின்றால் சுமார் 10 மீட்டர் நீளம் வரும். நடுவழியின் அகலம் இரண்டரை மீட்டர். அதற்குக் குறைந்தால் கை வீசும்போது நிற்பவர்மேல் படும், மூன்றைத் தாண்டினால் நிற்பவர்களின் கைத்தட்டலும் கூச்சலும் ஆடுகிறவரைத் தொடாது. 110 பீட் பாட்டில் ஓர் எட்டு எண்ணிக்கைக்கு 4.4 வினாடி. ஒரு ஜோடிக்கு நான்கு எட்டு கொடுத்தால் பதினேழரை வினாடி. மூன்றரை நிமிடப் பாட்டில் 12 ஜோடிகள்தான் வர முடியும். 36 பேரில் 12 பேருக்கு முறை வராது. இதை முன்கூட்டிக் கணக்கிடாவிட்டால், பாதியில் உதவி இயக்குநர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டுவார், எல்லோரும் ஓடி முடிப்பார்கள். அடுத்த நிகழ்ச்சியின் வரிசையை விட்டுப்போனவர்களை வைத்துத் தொடங்குங்கள். விரட்டாதீர்கள். முன்னவர் பாதி வழியைத் தாண்டியதும் பின்னவர் இறங்கும் முறையும் உண்டு. ஆட்கள் கூடுவார்கள், ஆனால் கேமராவில் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். ஜோடியை நீங்கள் சேர்க்காதீர்கள், அவர்களே சேரட்டும்.

வரிசைக்கான கேமரா வழியின் முனையில், இடுப்புயரத்தில், அகல லென்ஸோடு இருக்க வேண்டும். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் பத்து மீட்டர் மூன்று மீட்டராகச் சுருங்கித் தெரியும், ஆள் முன்னேறி வருவதே புலப்படாது. பாதம் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். ஓர் எட்டு எண்ணிக்கைக்கு நடுவில் வெட்டக் கூடாது. இந்த இரண்டையும் காட்சி மாற்றும் மேசையில் எழுதி ஒட்டுங்கள். இன்றைய நடனப் போட்டி நிகழ்ச்சிகள் ஒரு நொடிக்கு ஒரு வெட்டு போட்டு, நடுவே நடுவரின் முகத்தைக் காட்டி, ஆட்டத்தைத் துண்டு துண்டாக்குகின்றன. லாக்கிங்கில் கையை வீசிவந்து சட்டென்று நிறுத்துவதுதான் உயிர். வீச்சுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே வெட்டினால் இரண்டும் செத்துப்போகும்.

வினாடிக்கு 24 சட்டகம் என்ற 'சினிமாத் தோற்றம்' இதற்கு வேண்டாம். அந்த வேகத்தில் வழக்கமான ஷட்டர் வினாடியில் 48-ல் ஒரு பங்கு, வேகமான கை மங்கலான கோடாகிவிடும். 59.94 சட்டகத்தில், 120-ல் ஒரு பங்கு ஷட்டரில் எடுங்கள். இன்னொரு சிறு விஷயம்: பாட்டு ஓடும் கருவியும் கேமராக்களும் ஒரே டைம்கோடில், அதாவது ஒரே நேரக் குறியீட்டில் இருக்கட்டும். ஒன்று 30-லும் மற்றது 29.97-லும் ஓடினால் மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் 0.18 வினாடி, அதாவது ஐந்து சட்டகம் விலகும். கால் ஒரு இடத்தில், டிரம் வேறொரு இடத்தில். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆடுபவர் தாளம் தவறியதாகவே நினைப்பார்.

அதே அவப்பெயர் ஒலிபெருக்கியாலும் வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க மூன்று மில்லிவினாடி ஆகும். மேடைப் பக்கம் மட்டும் பெரிய பெட்டிகளை வைத்தால் பத்து மீட்டர் பின்னால் நிற்பவருக்கு 29 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கும், முன்வரிசையும் பின்வரிசையும் ஒட்டாது. தளத்துக்கு மேலே சிறு பெட்டிகளைப் பரவலாகத் தொங்கவிட்டு, யாரும் எந்தப் பெட்டிக்கும் நான்கு மீட்டருக்கு அப்பால் இல்லாமல் பாருங்கள். பேஸ் மட்டும் தரையிலிருந்து வரட்டும், கால் அதைக் கேட்கும். சத்தம் 94 டெசிபலைத் தாண்டினால் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காதுக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே ஒத்திகையில் சத்தத்தைக் குறையுங்கள், பதிவின்போது மட்டும் ஏற்றுங்கள். கூட்டத்தின் கூவலைப் பிடிக்க நான்கு மைக் தொங்கவிடுவீர்கள். அவற்றில் தளத்துப் பாட்டும் நுழைந்து, நேரடியாகக் கலவைக்கு வரும் பாட்டோடு மோதி ஒலியைக் குடைந்துவிடும். நேரடிப் பாட்டை மைக்கின் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்திச் சேர்த்தால் சரியாகும்.

ஒளியமைப்பில் ஒன்றே ஒன்று. வெளிர் தோல் தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். அடர்ந்த கறுப்புத் தோல் பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ. கேமராவின் ஒளியளவை வெள்ளைச் சட்டைக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். தலைக்குமேல் விளக்கைக் கூட்டிச் சமாளிப்பதும் தவறு, நெற்றியில் திட்டுத்திட்டாகப் பளபளப்புதான் வரும். பக்கங்களிலிருந்து இரண்டு மீட்டர் அகல மென்விளக்குகள், பின்னாலிருந்து விளிம்புக்கு ஒரு விளக்கு, பின்னணி நடுத்தர நிறத்தில். அளவை முகத்துக்கு வையுங்கள். சோதனைக்கு வெவ்வேறு நிறமுள்ள ஆறு பேரை நிற்க வைத்து எல்லோர் கண்ணும் தெரியும்வரை நகர்த்துங்கள். அரை நாள் வேலை, தவறவிட்டால் எடிட்டிங்கில் மீளாது. ஒப்பனை மேசையில் எல்லா நிறத்துக்கும் பவுடர் இருக்க வேண்டும், இல்லாத நிறத்தவருக்கு முகம் சாம்பல் பூத்துவிடும்.

இனி ஊதியம். 'சோல் ட்ரெயின்' ஆட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தது பெட்டியில் வந்த பொரித்த கோழிச் சாப்பாடு. சம்பளம் இல்லை. கார்னீலியஸின் சாதனையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக வைத்திருந்த நிகழ்ச்சி 1971 முதல் 2006 வரை, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது சின்னக் காரியமல்ல. ஆனால் இந்த ஒன்று அநியாயம். டான் கேம்ப்பெல் உருவாக்கிய லாக்கிங்கை அந்தத் தளத்தில் பார்த்துத்தான் நாடு கற்றது. ஜெஃப்ரி டேனியல் 1982-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பின்னோக்கிச் சறுக்கிக் காட்டிய அசைவு, அடுத்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனோடு உலகப்புகழ் பெற்றது. தளத்தில் பிறந்த மதிப்பில் பெரும்பங்கு தளத்துக்கு வெளியே போனது.

சட்டமும் ஆடுகிறவருக்கு அரண் அல்ல. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சின்ன நடனத் துணுக்குகளையும் பொதுவில் ஆடும் சமூக நடனங்களையும் பதிவதில்லை. வீடியோ கேமில் தன் ஆட்டம் விற்கப்படுவதாக வழக்குத் தொடுத்த நடிகர் அல்ஃபோன்ஸோ ரிபேரோவுக்கு 2019-ல் அந்தப் பதிவு மறுக்கப்பட்டது. ஆகவே சட்டம் தராததை நீங்கள் ஒப்பந்தத்தில் தர வேண்டும். நடிகர், ஒலிபரப்புக் கலைஞர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் தொலைக்காட்சி விதித்தொகுப்பில் நடனக் கலைஞர்களுக்கான ஊதிய அளவு இருக்கிறது. அதற்குக் கீழே போகாதீர்கள். காத்திருப்பு நேரமும் வேலை நேரம். மறுஒளிபரப்புக்கும் இணையத் துணுக்குகளுக்கும் தனித் தொகை. உடலசைவை மோஷன் கேப்சர் முறையில் கணினியில் அளந்து பதியவோ, கணினி உருவமாக்கவோ, இயந்திரக் கற்றலுக்குக் கொடுக்கவோ தனியான எழுத்து அனுமதியும் தனிக் கட்டணமும் வேண்டும். பொதுவான சம்மதப் படிவத்தின் எட்டாம் பத்தியில் அதைச் செருகக் கூடாது. திரையில் பெயர்: வரிசையில் இறங்கும்போது ஆடுபவரின் பெயர், ஊர், தேவையானால் அந்த ஆட்டத்தின் பெயர். இதற்குச் செலவே கிடையாது.

இசை உரிமத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் மூழ்குகின்றன. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 44 நிமிடம் இருக்கும். இரண்டு விருந்தினர், ஆளுக்கு இரண்டு பாட்டு, ஆட நான்கு பாட்டு, வரிசைக்கு ஒன்று: மொத்தம் ஒன்பது. ஆறு மாதத்தின் 52 நிகழ்ச்சிக்கு 468 பாட்டு. படத்தோடு சேர்க்க ஒவ்வொன்றுக்கும் பாட்டின் வெளியீட்டாளரிடம் ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் இன்னோர் அனுமதி. இன்றைய ராப் பாட்டில் ஆறேழு பேர் எழுதியிருப்பார்கள், உள்ளே பழைய பாட்டின் துண்டு ஒன்றும் இருக்கும். அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், இரண்டு சதவீதப் பங்குக்காரர் ஒருவர் மறுத்தாலும் பாட்டு போச்சு. படப்பிடிப்புக்கு எட்டு வாரம் முன்னால் 40 பாட்டுகளுக்கு விண்ணப்பித்து, கிடைத்தவற்றை வைத்து நிகழ்ச்சியை அமையுங்கள். எடுத்த பிறகு உரிமம் கேட்டால் விலை அவர்கள் சொல்வதுதான்.

பழைய உள்ளூர் நிகழ்ச்சிகள் எப்படிச் சமாளித்தன என்று கேட்பீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற நிலையம் தன் சொந்த ஒளிபரப்புக்காக, தன் உள்ளூர் எல்லைக்குள் மட்டும், ஒரு தற்காலிகப் பிரதி வைத்துக்கொள்ள விடுகிறது. காப்பகத்துக்கென்று ஒதுக்காவிட்டால் ஆறு மாதத்தில் அழிக்க வேண்டும். உள்ளூர் ஒளிபரப்புக்குப் போதும், இணையத்துக்கும் பிற ஊர்களுக்கும் போதாது. ஆகவே தொடக்கத்திலேயே விலை கேட்கும்போது மூன்று நிலைகளுக்குக் கேளுங்கள்: உள்ளூர், நாடு முழுவதும் ஐந்தாண்டு, உலகம் முழுவதும் எல்லா ஊடகத்திலும் காலவரையின்றி. முதலாவதை வாங்கி, மற்ற இரண்டின் விலையையும் இப்போதே எழுத்தில் பூட்டி வையுங்கள். நிகழ்ச்சி பேர் வாங்கிய பிறகு அந்த விலை கிடைக்காது. பழைய நடன நிகழ்ச்சிகளின் முழுப் பகுதிகளைச் சட்டப்படி பார்க்க இவ்வளவு சிரமமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இந்த உரிமச் சிக்கல்தான்.

பணம் யாரிடமிருந்து? கார்னீலியஸுக்குச் சிகாகோவில் சியர்ஸ் நிறுவனம் கைகொடுத்தது. நாடு தழுவிப் போனபோது ஆஃப்ரோ ஷீன் என்ற கூந்தல் பராமரிப்புப் பொருளைத் தயாரித்த ஜான்ஸன் ப்ராடக்ட்ஸ் உடன் வந்தது. கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனம், கறுப்பின வாடிக்கையாளர், விளம்பரத்தில் இயற்கையான கூந்தலோடு கறுப்பின முகங்கள். நிகழ்ச்சியும் விளம்பரமும் ஒரே மக்களை மரியாதையோடு பார்த்துப் பேசின. ஆனால் ஒற்றை விளம்பரதாரரை நம்பும் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 1975-ல் கூந்தலை நேராக்கும் தயாரிப்புக்கு எச்சரிக்கை வாசகம் போடும்படி ஜான்ஸனை மத்திய வணிக ஆணையம் இணங்கவைத்தது. போட்டி நிறுவனமான ரெவ்லானுக்கு அதே கட்டுப்பாடு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டாயிற்று. அதற்குள் ஜான்ஸனின் சந்தை சரிந்தது. அரசுப் பணமும் நிலையல்ல: எல்லிஸ் ஹைஸ்லிப் நியூயார்க் பொதுத் தொலைக்காட்சியில் நடத்திய அருமையான 'சோல்!' நிகழ்ச்சி, 1973-ல் பொது ஒளிபரப்புக் கழகத்தின் நிதி நின்றதும் முடிந்துபோனது. எந்த ஒரு விளம்பரதாரரும் மொத்த விளம்பர நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதபடி பிரித்து விற்பதே எங்கள் யோசனை.

உரிமை யாருடையது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெயரும் பதிவுகளும் கறுப்பினத் தயாரிப்பாளரின் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு உரிமம் வாங்குபவர்கள். 12 மாதம் ஒளிபரப்பாமல் விட்டால் எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்குத் திரும்ப வேண்டும். 1973-ல் ஏபிசி வலையமைப்பும் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நடத்திய டிக் கிளார்க்கும் 'சோல் அன்லிமிடெட்' என்று இதே வகை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலையமைப்பின் பலத்தோடு ஒரே ஒரு கறுப்பின நிகழ்ச்சியின் வயிற்றில் அடிக்கும் வேலை என்று கார்னீலியஸும் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்ஸனும் இசைத் துறைப் பிரமுகர் க்ளாரன்ஸ் அவாண்ட்டும் எதிர்த்தார்கள். சில பகுதிகளோடு அது கைவிடப்பட்டது. தொகுப்பாளராக ஒரு கறுப்பின முகத்தை நிறுத்திவிட்டு உரிமையை வேறிடத்தில் வைத்துக்கொள்வது அன்றே மறுக்கப்பட்ட ஏற்பாடு.

கடைசியாகப் பதிவுகள். 'டீனராமா' நாடாக்களில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 'சோல் ட்ரெயின்' சிகாகோவில் தினமும் நடந்த காலத்தின் பகுதிகளிலும் மிகச் சிலவே இருக்கின்றன. அன்று நாடா விலை அதிகம், அழித்து அழித்து மேலே பதிந்தார்கள். இன்று அந்தச் சாக்கு இல்லை. 59.94 சட்டகத்தில் ப்ரோரெஸ் 422 என்ற வீடியோப் பதிவு முறையில் ஒரு கேமராவுக்கு மணிக்குச் சுமார் 132 ஜிகாபைட், ஐந்து கேமராவுக்கு 660. எல்டிஓ-9 என்ற கணினிச் சேமிப்பு நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும், 27 மணி நேரப் படப்பிடிப்பு ஒரே நாடாவில் அடங்கும். வெட்டிச் சேர்த்த இறுதி நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு தனித்தனிக் கேமராப் பதிவுகளை அழிக்காதீர்கள். நடன வரலாற்றை எழுதுகிறவருக்கு வேண்டியது வெட்டாத அகலக் காட்சிதான். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சரிபார்ப்பு. கூடவே இசைப் பட்டியல், சம்மதப் படிவங்கள், அன்று தளத்தில் ஆடிய அத்தனை பேரின் பெயர், நின்ற இடம். ஒரு பிரதியை இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க இசை, பண்பாட்டுக் காப்பகம் போன்ற ஓரிடத்துக்குக் கொடுங்கள். ஆடியவர்கள் தங்கள் சொந்தப் பதிவைக் கேட்டால் கட்டணமில்லாமல் தரும் விதியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

தேர்வுக்கு அழைப்பு விடுக்கும் நாளிலேயே ஆட்டக்காரர் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் பொதுவில் வெளியிட வேண்டுகிறோம். அதைப் படித்துவிட்டு யார் வருவது, யார் வராமலிருப்பது என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். தளத்தின் அளவு, ஒலி, உரிமப் பட்டியல் எதில் உதவி வேண்டுமானாலும் எங்களைக் கேளுங்கள். செய்யத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆட்டம் கற்பிப்போரும் படப்பிடிப்பு, ஒலி, இசை உரிம வேலைகளில் இருப்போரும்